தூக்குவது ஒன்று, தாங்குவது ஒன்று
(வீட்டு ஷெட்டுக்கு நகர்த்தும் கார் லிஃப்ட் வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒரு தொழிற்பாடம்)



நம்மில் பலர் வீட்டில் ஒரு காரும், கடைக்குச் சரக்கேற்ற ஒன்றிரண்டு சிறு வண்டிகளும் வைத்திருக்கிறோம். வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டால் அன்றைய லோடு நின்றுவிடுகிறது. ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, டயரை முன்பின் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளை வீட்டு ஷெட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நியாயமே. அதற்கென ஒரு லிஃப்ட் வாங்கிப் போடலாமா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். ஹார்டுவேர், ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருப்போரோ இந்தச் சரக்கை வாங்கி விற்கலாமா என்று கேட்கிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இந்தப் பாடம்.

முதலில் என் வீட்டு ஷெட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பருப்புக் கடை வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பார்த்துக்கொண்டிருந்தான் டிரைவர். ஆயில் ஜாக்கி ஒன்றுதான் முட்டு. பழைய பாக்கி வாங்க வந்திருந்த மெக்கானிக் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கழட்டின வீலை எங்கே போட்டே? அதைத் தூக்கி வண்டிக்கு அடியிலே தள்ளு" என்றார். டிரைவர் சிரித்துக்கொண்டே தள்ளினான். கால் மணி நேரம் கூட ஆகியிருக்காது. ஜாக்கியின் கழுத்தில் எண்ணெய் கசிந்தது. வண்டி மெதுவாக இறங்கி, பிறகு 'தொப்' என்று அந்த வீலின் மேல் உட்கார்ந்தது. அப்போது டிரைவரின் வலது கை வண்டிக்கு அடியில் இருந்தது. வீல் இருந்ததால் கை தப்பியது.

ஜாக்கியில் '3 டன்' என்று எழுதியிருந்தது. வண்டியோ காலி, அந்த எடையில் பாதி கூட இல்லை. வாங்கிய கடையில் கேட்டபோது, "சீல் போயிருக்கும், வேறு ஜாக்கி தருகிறேன்" என்றார்கள். பெரியவர் என்னிடம் சொன்னது வேறு: "அண்ணாச்சி, ஜாக்கி தூக்குறதுக்கு. தாங்குறதுக்கு இல்லை. நீங்க தூக்குற சாமானை மட்டும் வாங்கினீங்க, தாங்குற சாமானை வாங்கலை."

ஐந்நூறு ரூபாய் ஜாக்கியானாலும் லட்ச ரூபாய் லிஃப்டானாலும் விதி இதுதான். இக்கட்டுரையின் மற்றப் பகுதிகள் எல்லாம் இதன் விளக்கமே.

எண்ணெய் தூக்கும், இரும்பு தாங்கும்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் சொன்ன விதி. சிறிய பிஸ்டன் 1 சதுர செ.மீ., பெரிய பிஸ்டன் 20 சதுர செ.மீ. என்றால், சிறியதில் 50 கிலோ அழுத்தினால் பெரியதில் 1,000 கிலோ எழும்பும். இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-இல் இதை வைத்து நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி என்ற மெக்கானிக், முடிதிருத்தும் கடை நாற்காலி எண்ணெய் அழுத்தத்தில் உயர்வதைக் கண்டு, அதே வழியில் காரைத் தூக்கும் லிஃப்டை 1925-இல் செய்தார். இன்றைய லிஃப்டுகளுக்கு அதுவே முன்னோடி.

ஆனால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் ஒன்றுதான் எண்ணெயை அடைத்து நிறுத்துகிறது. சீல் தேயும், வெயிலில் கெட்டியாகும், எண்ணெயில் தூசி சேர்ந்தால் கீறல் விழும். சீல் தோற்றால் வண்டி இறங்கும். எனவே தூக்கி முடித்தபின் வண்டியின் எடை எண்ணெயின் மேல் நிற்கக் கூடாது. இரும்பின் மேல் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் அந்த இரும்பு ஸ்டாண்டு. லிஃப்டில் தூக்கினால் அது உள்ளே இருக்கும் பூட்டு. வண்டி பூட்டின் உயரத்தைத் தாண்டி ஏறியதும், சற்றே இறக்கிப் பூட்டின் மேல் உட்கார வைத்த பிறகே அடியில் போக வேண்டும். பூட்டு இல்லாத லிஃப்ட் எத்தனை டன் தூக்கினாலும் அது பெரிய ஜாக்கிதான்.

சந்தையில் உள்ள வகைகள்

1. பாட்டில் ஜாக்கி (ஆயில் ஜாக்கி): அடிப்பாகம் குறுகல், உயரம் அதிகம். பல ஜாக்கிகள் 18, 20 செ.மீ. உயரம் இருப்பதால் டயர் பஞ்சரான காருக்கு அடியில் நுழையாது. சேஸ் உயரமாக உள்ள சரக்கு வண்டிக்குத்தான் ஏற்றது.

2. டிராலி ஜாக்கி: நான்கு சிறு சக்கரங்களில் உருளும். இதன் கை நேராக மேலே போகாது, வளைந்து போகும். அதனால் வண்டி ஏற ஏற ஜாக்கியும் சற்று நகர வேண்டும். மண் தரையில் சக்கரம் புதைந்தால் ஜாக்கி நகராது. வண்டி பக்கவாட்டில் இழுபடும். சிமெண்டுத் தரையில் மட்டும் உபயோகிக்கவும்.

3. ஸ்டாண்டு: பல் வைத்ததும் உண்டு, குறுக்கே ஊசி செருகுவதும் உண்டு. பல்லும் ஊசியும் சேர்ந்தே உள்ளது மேலானது.

4. கத்தரி லிஃப்ட்: கத்தரிக்கோல் போல விரிந்து காரின் நடுப்பகுதியைத் தூக்கும். சக்கர வேலைக்கு நல்லது. ஆனால் காரின் நடுவே லிஃப்டே அடைத்துக்கொள்வதால், கியர் பாக்ஸ், சைலன்சர் வேலைக்கு இடைஞ்சல்.

5. இரட்டைச் சட்ட லிஃப்ட்: இரண்டு நீளச் சட்டங்கள், காரின் இரு பக்கமும் அடியில் தள்ளி, ஹோஸ் மாட்டி, சிறு மோட்டாரால் தூக்குவது. பொதுவாக 50 முதல் 60 செ.மீ. உயரம் வரும். நடுப்பகுதி திறந்திருக்கும். வேலை முடிந்ததும் சட்டங்களைச் சுவரில் சாய்த்து வைக்கலாம். வீட்டு ஷெட்டுக்கு அதிகம் பேசப்படுவது இதுவே.

6. நகர்த்தும் இரட்டைத் தூண் லிஃப்ட்: தரையில் ஆங்கர் போல்ட் பதித்து, வேண்டும்போது தூணை நிறுத்தி, வேண்டாதபோது கழற்றி ஓரம் வைப்பது. சுமார் 4 அடி வரை தூக்கும். 'நகர்த்துவது' என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். இதன் பலம் முழுவதும் தரையின் பலமே.

எடைக் கணக்கில் உள்ள பொடி

நாம் நிறுவை தெரிந்தவர்கள். ஆனாலும் இந்தச் சரக்கில் மூன்று இடத்தில் நிறுவை பிசகும்.

முதலாவது, டன். நம் டன் 1,000 கிலோ. அமெரிக்க டன் 2,000 பவுண்டு. அதாவது 907 கிலோ. அந்தக் கணக்கில் செய்த '3 டன்' சரக்கு 2,721 கிலோதான் தாங்கும். லிஃப்டுகள் பவுண்டு கணக்கிலும் வருகின்றன: 5,000 பவுண்டு என்பது 2,268 கிலோ, 7,000 பவுண்டு என்பது 3,175 கிலோ. கிலோவில் எழுதிய தகட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஜோடி. ஸ்டாண்டில் போட்டுள்ள எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். கேட்காமல் வாங்கினால் பாதி பலம் காணாமல் போகும்.

மூன்றாவது, வண்டியின் எடை. ஆர்.சி. புத்தகத்தில் காலி எடை இருக்கும். சரக்கு வண்டிக்குச் சரக்கோடு சேர்ந்த மொத்த எடையும் இருக்கும். 2005-இல் வந்த முதல் டாடா ஏஸின் மொத்த எடை 1,550 கிலோ. இன்னோவா கிரிஸ்டா காலியாகவே ஏறத்தாழ 1,800 கிலோ வரும். லிஃப்டை மொத்த எடைக்குப் பார்த்து வாங்குங்கள். ஆனால் வண்டியைச் சரக்கை இறக்கிய பிறகே தூக்குங்கள். மூட்டை ஒரு பக்கம் சரிந்தால் வண்டியும் சரியும். முன்னால் இன்ஜின் உள்ள காரில் முன்பக்கம் கனம் அதிகம் என்பதால், நான்கு மூலைக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கணக்கிடக் கூடாது.

பிடிக்கும் இடம்

பெரும்பாலான கார்களுக்குத் தனிச் சேஸ் கிடையாது; உடலே சட்டம். ஓரத்தில், முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் தூக்குவதற்கென்று பலப்படுத்திய இடங்கள் உண்டு. வண்டியோடு தரும் கையேட்டில் படம் இருக்கும். வேறிடத்தில் தூக்கினால் தகடு நசுங்கும், பெட்ரோல் குழாய் அமுங்கும்.

இரட்டைச் சட்ட லிஃப்ட் வாங்குவோர், இந்த இரு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போக வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் டாடா ஏஸில் 2,100 மி.மீ., 2018 ஸ்விஃப்டில் 2,450 மி.மீ., இன்னோவாவில் 2,750 மி.மீ. இத்தனை வித்தியாசம் இருப்பதால் ஒரே நீளச் சட்டம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஏஸ், பொலிரோ பிக்கப் போன்ற சேஸ் வண்டிகளில் சேஸ் உள்ளடங்கியும் உயரத்திலும் இருக்கும். அவற்றுக்குச் சட்டம் எட்டுமா, அதற்கான உயரக் கட்டைகளைக் கம்பெனியே தருகிறதா என்று பார்க்க வேண்டும். காருக்கும் சரக்கு வண்டிக்கும் ஒரே லிஃப்ட் என்று ஆசைப்படுவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எலெக்ட்ரிக் கார்களில் அடித்தளம் முழுக்க பேட்டரிப் பெட்டி இருக்கலாம். குறித்த இடம் தவிர வேறெங்கும் தொடக் கூடாது.

தரை

இந்த லிஃப்டுகள் அமெரிக்க வீட்டு காரேஜுகளை மனத்தில் வைத்து உருவானவை. அங்கே காரேஜ் என்றால் கனமான ஒரே கான்கிரீட் பலகை. நம் வீட்டு ஷெட் அப்படியல்ல. மண் நிரப்பி, ஒன்றரை ஜல்லியில் 1:4:8 கலவை போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டுகிறோம். அந்தக் கலவையின் பலம் சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டன் அளவுதான். தூண் லிஃப்டுகளுக்குப் பொதுவாகக் கேட்பதோ குறைந்தது 4 அங்குல கனமும் 3,000 பி.எஸ்.ஐ. பலமும், நம் கணக்கில் சுமார் 21 நியூட்டன். எம்-20 கான்கிரீட் அதற்கு மயிரிழையில் குறைவு. எம்-25 போட்டால் கவலையில்லை. பழைய தரையில் ஆங்கர் போல்ட் பதித்தால், வண்டியோடு போல்ட்டும் பெயர்ந்து வரும்.

இரட்டைச் சட்ட லிஃப்டுக்கு ஆங்கர் தேவையில்லை. ஆனால் தரை மட்டமாக இருக்க வேண்டும். நம் ஷெட்டுகளில் மழை நீர் ஓட வாட்டம் வைத்திருப்போம். அந்த வாட்டமே வண்டியை நழுவ விடும். பேவர் பிளாக் தரையும் டைல்ஸும் உதவா. கல் அமுங்கும், டைல்ஸ் வழுக்கும், உடையும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. நம் ஊர்களில் தண்ணீர்த் தொட்டியையும் செப்டிக் டேங்கையும் பல வீடுகளில் கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் கட்டியிருக்கிறோம். கார் நான்கு டயரில் நிற்கும்போது தாங்கிய மூடி, ஸ்டாண்டின் சிறு பாதத்தில் அதே எடை குவியும்போது தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீடு கட்டிய கொத்தனாரையோ இன்ஜினியரையோ கேட்டு, தொட்டி எங்கே என்று தெரிந்துகொண்ட பிறகே லிஃப்ட் வைக்கும் இடத்தைக் குறியுங்கள்.

கரண்டு

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் வீட்டு பிளக்கில் வருவது சுமார் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் லிஃப்ட் தருவிப்போர், டிரான்ஸ்பார்மர் வைத்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடேறும். 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மோட்டாரோ, கார் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் மோட்டாரோ கேட்டு வாங்குவதே சரி.

2 குதிரைத்திறன் மோட்டாருக்கு 5 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது. தனி ஒயரிங், 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த் ஆகியவை லிஃப்டின் விலையோடு சேர்ந்த செலவுகள். வண்டி மேலே இருக்கும்போது கரண்டு போனால் கையால் இறக்க வழி உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

வாங்கலாமா, வேண்டாமா?

வியாபாரி போல் கணக்குப் போடுவோம். லிஃப்டும் ஒயரிங்கும் சேர்த்து 1,20,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 12,000 தேய்மானம். முடங்கிய பணத்துக்கு 9 சதவீத வட்டி, சராசரியாக ஆண்டுக்கு 5,400. ஆக 17,400 ரூபாய். ஒரே வண்டியை ஆண்டுக்கு ஆறு முறை தூக்கினால் ஒரு முறைக்கு 2,900 ரூபாய் அடங்குகிறது. நான்கு வண்டியை ஆறு ஆறு முறை தூக்கினால் 725 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

ஒரு வண்டி வைத்திருப்போருக்கு நல்ல டிராலி ஜாக்கியும் இரண்டு ஜோடி ஸ்டாண்டும் சக்கரக் கட்டைகளும் போதும். மூன்று நான்கு வண்டியும், வேலை தெரிந்த ஆளும் உள்ளவருக்கே லிஃப்ட் கட்டும். வீட்டுக் காருக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் ஏற்றி ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி எடுக்க எண்ண வேண்டாம். தொழில் உபயோகத்துக்கு மட்டுமே அந்தச் சலுகை.

விற்பவர்களுக்கு

2020-இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் என்ற கருவிக் கடைத்தொடர், தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைப் பல லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பல் சரியாகக் கவ்வாமல், சில ஸ்டாண்டுகள் எடையோடு இறங்கக் கூடும் என்பதே காரணம். பின்பு, மாற்றாகக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டுகளிலேயே சிலவற்றில் வெல்டிங் குறை தெரிந்து, அவற்றையும் திரும்ப அழைத்தார்கள். தாங்க வேண்டிய சாமானே தாங்காமல் போகும் என்பதற்கு இது சான்று.

அது எங்கோ நடந்தது என்று இருந்துவிட முடியாது. நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளால் நேரும் தீங்குக்கான பொறுப்பைத் தனி அத்தியாயமாக வைத்திருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 86-ஆம் பிரிவின்படி, செய்தவர் யார் என்று தெரியாத சரக்கை விற்றால் விற்றவர் பொறுப்பாளியாகலாம். செய்தவர் கொடுத்த எச்சரிக்கையையும் உபயோகிக்கும் முறையையும் வாடிக்கையாளருக்குச் சேர்க்காமல் விட்டாலும் அப்படியே. "நான் கேரண்டி, தைரியமாகத் தூக்குங்க" என்று தன் பெயரில் உறுதி கொடுத்து, சரக்கு அதன்படி இல்லாவிட்டாலும் அப்படியே. ஆகவே,

- பெயர், விலாசம், மாடல் நம்பர் இல்லாத சரக்கை எடுக்காதீர்கள்.
- பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதுங்கள். திரும்பப் பெற நேர்ந்தால் யாரிடம் போனது என்று தெரியும்.
- ஜாக்கி கேட்பவரிடம், "ஸ்டாண்டு இருக்கிறதா?" என்று கேளுங்கள். இது வியாபாரமும் ஆகும், தருமமும் ஆகும்.
- கம்பெனிக் கையேட்டின் எச்சரிக்கைகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டியோடு கொடுங்கள்.
- லிஃப்டுக்கு ஐரோப்பிய இ.என். 1493, ஜாக்கிக்கு இ.என். 1494, அமெரிக்க லிஃப்டுக்கு ஏ.எல்.ஐ. முத்திரை ஆகியவை உண்டா என்று சப்ளையரிடம் கேட்டு, சான்றிதழ் நகலை வாங்கி வையுங்கள். ஸ்டிக்கர் மட்டும் சான்றாகாது.

பணம் எண்ணும் முன் ஏழு கேள்விகள்

1. எடையைத் தாங்குவது எண்ணெயா, இரும்புப் பூட்டா? பூட்டைக் கண்ணால் காட்டுவார்களா?
2. கிலோவில் எத்தனை? ஒன்றுக்கா, ஜோடிக்கா?
3. முழுதும் இறங்கிய நிலையில் உயரம் எத்தனை? என் வண்டிக்கு அடியில் நுழையுமா?
4. என் வண்டியின் தூக்கும் இடங்களுக்குச் சட்டம் எட்டுமா?
5. என் தரை என்ன கலவை, என்ன கனம்? அடியில் தொட்டி உண்டா?
6. சீல் கிட், ஹோஸ் உள்ளூரில் கிடைக்குமா? ரிப்பேர் பார்ப்பவர் யார்?
7. என் கண் முன்னால், என் வண்டியைத் தூக்கி, பூட்டில் அமர்த்திக் காட்டுவார்களா?

வாங்கிய பின் செய்ய வேண்டியது சிறிதுதான். கை பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தையே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அது உதவாது. தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பூட்டிலோ ஸ்டாண்டிலோ வண்டியை அமர்த்தியபின், அடியில் போகும் முன்பே கையால் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி தூக்குங்கள். தனியாளாக இருக்கும்போது வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கழற்றிய வீலை எப்போதும் அடியில் தள்ளி வையுங்கள்.

எங்கள் டிரைவர் இப்போது யாரும் சொல்லாமலே அதைச் செய்கிறான். புதிய ஜாக்கியோடு ஸ்டாண்டும் வந்துவிட்டது. ஆனாலும் வீலைத் தள்ளிவிட்டுத்தான், "மொதலாளி, ஸ்பேனரை எடுங்க" என்று கை நீட்டுவான். அந்த ஸ்டாண்டு ஜோடியின் விலை ஒரு பருப்பு மூட்டையின் விலை கூட இல்லை. வாங்குவோரும் விற்போரும் அதை முதல் வரியில் எழுதி, லிஃப்டை அடுத்த வரியில் எழுதுங்கள்.